பாடல் முடிந்து குழுவாகப் பிரியும்போது வகுப்பு கலைந்துவிடுகிறது

வினா:
வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்தி, அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி கற்பித்து வருகிறேன். பாடல் வேளையில் பிள்ளைகள் ஒன்றியிருக்கிறார்கள். ஆனால் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரிந்து பயிற்சி நூலை எடுக்கச் சொன்னதும், அலமாரி அருகே நெரிசலும் பென்சில் தேடலும் தொடங்கி, பாடவேளையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. உரக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
கைதட்டலைப் பழக்குங்கள், டீச்சர். நீங்கள் இரண்டு முறை மெதுவாகவும் மூன்று முறை விரைவாகவும் தட்ட, பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்ட வேண்டும். தட்டுகிற கை பென்சிலையோ பக்கத்துப் பிள்ளையின் சட்டையையோ பிடித்திருக்க முடியாது. கடைசிப் பிள்ளையும் தட்டி முடிக்கும்வரை பேசாதீர்கள்.

மறுமொழி 2:
கைதட்டல் கவனத்தைத் திருப்பும், நெரிசலைத் தீர்க்காது. பிள்ளைகள் எழுந்த பிறகு அறிவுரை வருவதே இங்குள்ள சிக்கல் என்று கருதுகிறேன். யார் எங்கே அமர வேண்டும், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதை அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லி, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைத்து, அதன்பின் எழுப்புங்கள். பயிற்சி நூல்களையும் சீவிய பென்சில்களையும் குழுவுக்கொரு கூடையில் பாடலுக்கு முன்பே உரிய இடத்தில் வைத்துவிட்டால், அலமாரிப் பக்கம் எவரும் போக வேண்டியதில்லை. தாமாகவே தொடங்கக்கூடிய மலர்க் குழு முதலில் செல்லட்டும். அதுவரை அரும்புப் பிள்ளைகள் பாடலின் கடைசி அடியைப் பாடிக்கொண்டிருக்கட்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் என்பவர் 1970இல் வெளியிட்ட ஆய்வில், குறும்பு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதைவிட, ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்குத் தடங்கலின்றி எப்படி நகர்த்தினார் என்பதற்கே வகுப்பின் ஒழுங்கோடு நெருங்கிய தொடர்பு இருந்ததாகக் கண்டார். (கண்டிப்பே ஒழுங்கு என்று நம்பும் நம் பள்ளிகளில் இதை ஏற்போர் குறைவு.)

வினவியவர்:
மிக்க நன்றி, சார். முன்னதாக முடித்துவிடும் மலர்க் குழு மற்றவர்களைக் கலைக்காதா?

மறுமொழி 2:
கலைக்கும். முடித்தவர்கள் அனுமதி கேட்காமலே கதைப் புத்தகம் எடுத்துப் படிக்கலாம் என்பதையும் எழுப்புமுன்பே சொல்லிவிடுங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.