பேச்சு திக்குகிறவனைச் சிறை ஊழியத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இது அழைப்புதானா?

வாசற்காவலன்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். ‘க’, ‘ப’ இந்த இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிடும். ஜெபத்தில் ‘கர்த்தர்’ என்று என்னால் ஆரம்பிக்க முடியாது. ‘ஆண்டவர்’ என்றுதான் ஆரம்பிப்பேன். பாட்டில் மட்டும் அந்த வார்த்தை தடையில்லாமல் வரும். சபையில் மைக், ஸ்பீக்கர், வயர் இதெல்லாம் என் பொறுப்பு. பேசுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிற அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

இப்போது எங்கள் சபையின் சிறை ஊழியக் குழுவில் ஓர் ஆள் குறைகிறது. மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, “உன் பேரைக் கொடுக்கட்டுமா? ரெண்டு மாசமா உன் முகம்தான் ஞாபகத்துக்கு வருது” என்றார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: “தேவன் பலவீனரைத்தான் பயன்படுத்துவார், தைரியமாப் போ.” அது ஆறுதலுக்காகச் சொல்வதா, உண்மையாகவே வேதம் அப்படிச் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பயமும் இருக்கிறது. இவ்வளவு பயம் இருந்தால் அது அழைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து தட்டிக்கொடுக்க வேண்டாம். நேராகச் சொல்லுங்கள்.

பேரீச்சமரத்தடி:

தம்பி, நேராகவே சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வகுப்பில் திக்கிப் பேசுகிற பிள்ளைகளோடு பல வருஷம் இருந்திருக்கிறேன், சிறைக்கும் போயிருக்கிறேன்.

முதலில் யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். எரிகிற முட்செடிக்கு முன்னால் நிற்கிற மோசேக்கு வயது 80. எகிப்தியன் ஒருவனைக் கொன்று மணலில் புதைத்துவிட்டு ஓடிவந்தவர். இஸ்ரவேலரை விடுவிக்க எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் போ என்று தேவன் சொன்னதும், “பார்வோனிடத்துக்குப் போக நான் எம்மாத்திரம்?” என்று கேட்கிறார். இதற்குத் தேவன் “நீ பெரிய ஆள், உனக்குள் திறமை இருக்கிறது” என்று பதில் சொல்லவில்லை. மோசேயின் கேள்வி தன்னைப் பற்றியது. பதிலோ தேவனைப் பற்றியது: “நான் உன்னோடே இருப்பேன்.” கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம். உங்களைத் தட்டிக்கொடுக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். “உன்னால் முடியும்” என்று தேவன் அங்கே ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அடுத்து மோசே பேச்சுக்கு வருகிறார். தான் வாக்குவல்லவன் அல்ல, திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்கிறார். அது நிஜமாகவே திக்குவாயா, 40 வருஷம் ஆடுகளோடு இருந்ததில் அரண்மனைப் பேச்சு மறந்துபோனதா என்று விளக்கவுரை எழுதுகிறவர்கள் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். அப்போஸ்தலர் 7-ல் ஸ்தேவான் அவரை வாக்கிலும் செய்கையிலும் வல்லவர் என்கிறாரே, அதனால். எதுவாக இருந்தாலும், தேவன் அந்த இடத்தில் நாவைச் சரிசெய்ததாக எழுதப்படவில்லை. “மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்?” என்று கேட்கிறார், வாயோடு இருப்பேன் என்கிறார். மோசே அப்போதும் வேறு யாரையாவது அனுப்பும் என்று மன்றாட, அவருக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடேயே மோசேயின் அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். ஆரோன் நன்றாகப் பேசுவான் என்பது தேவனே கொடுத்த சான்றிதழ்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. நன்றாகப் பேசுகிற அந்த ஆரோன்தான் 32-ம் அதிகாரத்தில் ஜனங்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டி செய்தார். மோசே கேட்டபோது அவர் சொன்ன பதிலைப் பாருங்கள்: ஜனங்கள் பொன்னைக் கழற்றித் தந்தார்கள், அதை நெருப்பில் போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது! சரளமாகப் பேச வருகிற வாயிலிருந்துதான் இப்படி ஒரு வாக்கியம் வரும். ஜனங்களுக்காக மன்றாடிக்கொண்டு மலையில் தேவனுக்கு முன்னால் நின்றதோ நாவு மந்தமானவர். பிற்பாடு, உபாகமத்தைத் திறந்தால், ஏறக்குறைய புத்தகம் முழுவதும் 120 வயது மோசே ஜனங்களிடம் பேசிய பேச்சு. அங்கே ஆரோன் இல்லை, இறந்துவிட்டார்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1 இராஜாக்கள் 18-ல் ஒபதியா என்று ஒருவர் வருகிறார் (தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வருகிற ஒபதியா இல்லை, ஆகாப் ராஜாவின் அரண்மனையை விசாரித்துவந்தவர்). இவரைப் பற்றிப் பிரசங்கம் கேட்டது அபூர்வம். ஆகாபின் மனைவி யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றுகொண்டிருந்த சமயத்தில் 100 பேரை, குகைக்கு 50 பேராக ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். தண்ணீர் என்பதை லேசாகத் தாண்டிவிடாதீர்கள். நாடு முழுக்கப் பஞ்சம். ராஜாவே தன் குதிரைகளுக்குப் புல் கிடைக்குமா என்று நீரூற்று நீரூற்றாகத் தேடிப் போகிறான், இந்த ஒபதியாவையும் அந்த வேலைக்கே அனுப்புகிறான். அந்தக் காலத்தில் 100 பேருக்குத் தினமும் தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதுவும் ராஜாவின் ஊழியக்காரன் கையால்.

இவ்வளவு செய்தவரிடம், ஆகாப் எங்கும் தேடிக்கொண்டிருந்த எலியா தீர்க்கதரிசி, “நான் வந்திருக்கிறேன் என்று ஆகாபிடம் போய்ச் சொல்” என்கிறார். மனுஷனுக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. நான் போய்ச் சொன்னபின் நீர் மறைந்துபோனால் என்னைக் கொன்றுவிடுவானே என்கிறார். அந்தச் சின்னப் பேச்சுக்குள் மூன்று தடவை அதையே சொல்கிறார். எலியா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நான் இன்றைக்கு அவன் கண்முன் நிற்பேன் என்று உறுதிமட்டும் கொடுக்கிறார். ஒபதியா போனார். பயம் போனபிறகு போனார் என்று எழுதப்படவில்லை.

ஆகவே பயம் இருப்பதால் அழைப்பில்லை என்றால் ஒபதியாவும் இல்லை, கிதியோனும் இல்லை, எரேமியாவும் இல்லை. பயம் இருப்பதாலேயே அது அழைப்பு என்றும் ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பை வேறு வழியில்தான் சோதிக்க வேண்டும்: தேவை உண்மையா, கூப்பிடுகிறவர் உங்களை அறிந்தவரா, ஜெபத்தில் அந்தப் பாரம் விலகுகிறதா கூடுகிறதா.

நாத்தான்வேல்_அத்திமரம்:

அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தத் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது, அதனால் எழுதுகிறேன். “தேவன் குறைவுள்ளவர்களைப் பயன்படுத்துகிறார்” என்ற வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். காணிக்கைக் கணக்கைக் கேட்டால் “தாவீதும் தவறினாரே” என்பார்கள். சிம்சோன், யாக்கோபு என்று பட்டியல் வாசிப்பார்கள்.

திக்குவாய் பலவீனம். கூச்சமும் பலவீனம். அடுத்தவனை ஏமாற்றுவது பாவம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பேசுவதை நிறுத்த வேண்டும். கிதியோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 32,000 பேர் கொண்ட படை 300 ஆகக் குறைக்கப்பட்டு ஜெயித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 8-ல் அதே கிதியோன் கொள்ளைப்பொன்னில் ஒரு ஏபோத்தை (ஆசாரியர் அணிகிற உடை) செய்து தன் ஊரில் வைத்தார், அது அவருக்கும் அவர் வீட்டுக்கும் கண்ணியாகப் போனது. அந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. தேவன் ஒருவரைப் பயன்படுத்தினார் என்பதால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் தேவன் கையெழுத்துப் போட்டார் என்று அர்த்தமாகாது.

வாசற்காவலன் தம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் மறைக்க எதுவும் இல்லாதவராகத் தெரிகிறார்.

பேரீச்சமரத்தடி:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தாவீதைச் சொல்கிறவர்கள் நாத்தான் தீர்க்கதரிசியையும் சேர்த்துச் சொல்லட்டும். “நீயே அந்த மனுஷன்” என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்ன ஆள் அவர். பேதுருவும் அப்படித்தான். பெந்தெகொஸ்தே நாளில் அவ்வளவு தைரியமாகப் பிரசங்கித்த பிறகும், அந்தியோகியாவில் எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிடுவதைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் அதை எல்லோருக்கும் முன்பாகவே கண்டித்தார். பெரிய அப்போஸ்தலர் என்று விட்டுவிடவில்லை.

ஓநேசிமு:

நான் உள்ளே இருந்தவன். என்ன வழக்கு, எத்தனை வருஷம் என்பது இங்கே வேண்டாம்.

அண்ணா, கேட்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களிடம் நிறையப் பேர் வந்து பேசியிருக்கிறார்கள். நல்ல குரல், நல்ல தமிழ், கண்ணீர் வரவைக்கிற சாட்சி. கூட்டம் முடிந்து உள்ளே போனதும் மறந்துவிடும். ஒருவர் மட்டும் பேசவே தெரியாதவர். வயதானவர், கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசிப்பார், வரி தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். பிறகு பேசாமல் உட்கார்ந்து எங்களைப் பேசவிடுவார். போன தடவை நான் சொன்னது அடுத்த தடவை அவருக்கு ஞாபகம் இருக்கும். என் அம்மாவுக்கு எந்தக் காலில் வலி என்பதுவரை. நான் வேதத்தைக் கையில் எடுத்தது அவர் போன பிறகுதான்.

உள்ளே இருக்கிறவனுக்கு உத்தரவு போட ஆள் உண்டு. அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கிறவரை காத்திருக்க ஆள் கிடையாது. வார்த்தை வராமல் நிற்கிற கஷ்டம் தெரிந்த நீங்கள் அடுத்தவன் பேச்சை நடுவில் வெட்டமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மத்தேயு 25-ல் ஆண்டவர் “காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்” என்கிறார். பிரசங்கம் பண்ணினீர்களா என்று அங்கே கேட்கவில்லை.

மிரியாம்_தம்புரு:

ஓநேசிமு அண்ணன் எழுதியதை வாசித்ததும் கிளாடிஸ் அய்ல்வார்ட் ஞாபகம் வந்தது. லண்டனில் வீட்டுவேலை செய்த பெண், 1902-ல் பிறந்தவர். சீனாவுக்கு மிஷனெரியாகப் போக விண்ணப்பித்துப் பயிற்சியிலும் சேர்ந்தார். படிப்பு ஏறவில்லை, இவருக்குச் சீன மொழி வராது என்று அந்த மிஷன் திருப்பி அனுப்பிவிட்டது. வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் ரயில் டிக்கெட் வாங்கி 1930-ல் தனியாகக் கிளம்பினார். பிறகு அந்த மொழியை ஊர்க்காரர்களைப்போலவே பேசினார். போர்க்காலத்தில், 1940-ல், சுமார் 100 பிள்ளைகளை மலைகளைத் தாண்டி நடத்திக் கூட்டிப்போனவர் அவர்தான்.

அவர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சிறைக் கலவரமும் வரும். கைதிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருக்க, காவலர்களே உள்ளே போகப் பயந்து, “உங்களுக்குள் ஜீவனுள்ள தேவன் இருக்கிறார் என்று சொல்கிறீர்களே” என்று இவரைப் போகச் சொன்னார்களாம். குள்ளமான உருவம். உள்ளே போய்க் கோடாலியைக் கேட்டு வாங்கிவிட்டார். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஏன் சண்டை என்று கேட்டிருக்கிறார். வேலை இல்லை, வயிற்றுக்கு இல்லை என்று தெரிந்ததும், கைதிகளுக்கு ஏதாவது தொழில் கொடுங்கள் என்று அதிகாரியிடம் போய் நின்றார்.

வாசற்காவலன்:

எல்லாருக்கும் நன்றி. பொன் கன்றுக்குட்டி விஷயத்தை இப்படி நான் யோசித்ததே இல்லை. ஓநேசிமு தம்பி எழுதியதைப் பல தடவை வாசித்தேன்.

மூப்பரிடம் பேரைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது நடைமுறைக் கேள்வி: என்னை வாசிக்கச் சொன்னால் என்ன செய்வது? ‘க’ வந்தால் நின்றுவிடுவேன்.

பேரீச்சமரத்தடி:

சந்தோஷம் தம்பி. தனியாக வாசிக்காதீர்கள், எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். திக்குகிறவர்களுக்குப் பாடும்போதும் மற்றவர்களோடு குரல் சேர்த்து வாசிக்கும்போதும் தடை வெகுவாகக் குறையும். உங்களுக்குப் பாட்டில் அந்த வார்த்தை வருவது அதனால்தான். வகுப்பில் இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். நின்றுவிட்டால் நிற்கட்டும், பக்கத்தில் இருப்பவர் அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எப்போதும் ஒருவரோடு சேர்ந்து போங்கள். லூக்கா 10-ல் ஆண்டவரே இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். ஆரம்பத்தில் சில தடவை கேட்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும். வெளியே யாருக்காவது கடிதமோ சேதியோ கொண்டுபோகச் சொன்னால் அதிகாரியிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரக்கத்தில் அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓநேசிமு:

சேர்ந்து வாசிக்க 142-ம் சங்கீதம் எடுங்கள் அண்ணா. தாவீது குகையில் இருந்தபோது பண்ணின ஜெபம், மொத்தம் 7 வசனம். நாலாவது வசனம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். “என் ஆத்துமாவை விசாரிப்பார் ஒருவரும் இல்லை” என்று அதில் வரும். அந்த இடத்தில் யாராவது பேச ஆரம்பிப்பார்கள்.