பெயர் பட்டியலில் இருக்கிறது, தேடினால் வரவில்லை (சி ஷார்ப், எஸ்க்யூலைட்): உதவி தேவை

கேள்வி: அம்பாசமுத்திரம்

வணக்கம். இங்கே ஓர் உரக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சி ஷார்ப் நிரல்மொழி, விண்டோஸ் ஃபார்ம்ஸ் திரைகள், உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம். விவசாயியின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாமே தமிழில்தான். தமிழில் இருந்தால்தான் கடை அண்ணாச்சி பார்ப்பார்.

தேடும் பெட்டியில் கோமதிநாயகம் என்று அடித்தால் 'கணக்கு இல்லை' என்கிறது. முழுப் பட்டியலைத் திறந்து உருட்டினால் 'கோமதிநாயகம், கோடகநல்லூர்' என்று நன்றாகவே இருக்கிறது. சொரிமுத்துவும் இப்படித்தான். இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சியம்மாள் எல்லாம் அடித்த உடனே வந்துவிடுகிறார்கள். ஊரை வைத்துத் தேடினாலும் களக்காடு வருகிறது, கல்லிடைக்குறிச்சி வருகிறது. கோபாலசமுத்திரமும் பொட்டல்புதூரும் வரவில்லை. புதிதாக நம் மென்பொருளிலேயே பதிந்த கோமதிநாயகம் மட்டும் சரியாக வருகிறார்.

பழைய கணக்கெல்லாம் எக்செல்லில், பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் இருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஏற்றினேன்.

பிசானப் பருவத்துக்கு உரம் எடுக்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கார் பருவத்துப் பாக்கி எவ்வளவு என்று அவர்கள் கேட்கும்போது கணக்கு கிடைக்காவிட்டால், கவுண்டரில் நிற்கிற பையன் அதே பெயரில் புதுக் கணக்கு திறந்துவிடுகிறான். அதனால் கொஞ்சம் அவசரம்.

பதில்: தென்காசி

எக்செல்லிலிருந்து வந்த தரவு என்றால் பெயருக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டியிருக்கும். அதை வெட்டுகிற ட்ரிம் போட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் சமக்குறியை எடுத்துவிட்டு, பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலும் பிடிக்கிற லைக் போட்டு, இருபுறமும் சதவீதக் குறி வைத்துத் தேடுங்கள்.

அம்பாசமுத்திரம்

ட்ரிம் ஏற்கெனவே இருக்கிறது. லைக் போட்டாலும் கோமதிநாயகம் வரவில்லை. ஆனால் வெறும் 'மதிநாயகம்' என்று லைக்கில் தேடினால் வந்துவிடுகிறது!

பதில்: பாளையங்கோட்டை

தம்பி, விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வராத பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: கோமதிநாயகம், சொரிமுத்து, கோபாலசமுத்திரம், பொட்டல்புதூர். எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. வருகிற பெயர் ஒன்றில்கூட அது இல்லை.

ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கிற யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம்: 2965, 3019. அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணாக வைக்கலாம்: 2965, 3015, 3006. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; எந்தக் கண்ணாலும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. ஒகரமும் அப்படியே: ஒன்றாக என்றால் 3018, பிரித்தால் 3014, 3006. ஔகாரக் குறி ஒன்றாக 3020, பிரித்தால் 3014, 3031.

யூனிகோட் விதிப்படி இந்த இரண்டு வடிவமும் சமம். ஆனால் எஸ்க்யூலைட்டின் சமக்குறி பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். அதற்கு இவை வேறு வேறு சொற்கள். லைக்கும் இதில் உதவாது. சி ஷார்ப்பில் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டாலும் இதே பதில்தான் வரும்.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே மூன்று வடிவங்களாக அடிப்பார்கள். உங்கள் மாற்றி கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறது. காலோடு சேர்த்து ஒரே குறியாக்காமல் விட்டிருக்கிறது. இப்போது விசைப்பலகையில் அடிப்பவை ஒற்றைக் குறியாக விழுகின்றன. அதனால்தான் பழைய கோமதிநாயகம் வராமல் புதியவர் மட்டும் வருகிறார்.

இதை நம்பிக்கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம், அளந்து பாருங்கள். எஸ்க்யூலைட்டில் லெங்த் என்ற ஃபங்ஷனுக்குள் பெயர்ப் பத்தியைக் கொடுங்கள். கோமதிநாயகம் சேர்ந்த வடிவில் இருந்தால் 11 வரும். பிரிந்த வடிவில் இருந்தால் 12. வந்த எண்ணை இங்கே சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரம்

அப்படியே இருக்கிறது அண்ணாச்சி! புதியது 11, பழையது 12. ஆனால் சில பழைய வரிசைகளில் 13 வருகிறது. அது என்ன?

பதில்: பாளையங்கோட்டை

அந்த வரிசையை சி ஷார்ப்பில் படித்து, ஒவ்வொரு எழுத்தையும் இன்ட் ஆக்கி அச்சிடுங்கள். கடைசியில் 8203 என்று ஒரு எண் நிற்கும் என்று நினைக்கிறேன். அது அகலமே இல்லாத வெற்றிடம். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வந்துவிடும். சாதாரண வெற்றிடத்தையும் 160 என்கிற உடையா வெற்றிடத்தையும் சி ஷார்ப் ஓடுகிற டாட்நெட்டின் ட்ரிம் நீக்கிவிடும், 8203-ஐத் தொடாது. எஸ்க்யூலைட்டின் ட்ரிம் சாதாரண வெற்றிடத்தை மட்டும்தான் நீக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. பெயரைச் சீராக்க ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். சி ஷார்ப் ஸ்ட்ரிங்கில் நார்மலைஸ் என்ற மெத்தட் உண்டு. உள்ளே எதுவும் கொடுக்காமல் அழைத்தாலே ஃபார்ம் சி என்கிற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். பிரிந்த கொம்பையும் காலையும் அதுவே ஒன்று சேர்க்கும். அப்புறம் 8203-ஐ நீக்குங்கள், நடுவில் இரட்டை வெற்றிடம் இருந்தால் ஒன்றாக்குங்கள், கடைசியில் ட்ரிம். பெயரைச் சேமிக்கும்போதும் இதே ஃபங்ஷன், தேடும் சொல்லுக்கும் இதே ஃபங்ஷன். ஒரு பக்கம் மட்டும் போட்டால் நாளைக்கு வேறு ஓர் இடத்திலிருந்து தரவு ஏற்றும்போது இதே தொல்லை திரும்பும். பட்டனுக்குப் பின்னால் எழுதாதீர்கள். தரவுத்தளத்தைத் தொடுகிற வகுப்பில் வையுங்கள். நாளை இன்னொரு ஃபார்ம் சேர்த்தாலும் அந்த வாசல் வழியாகத்தான் போகும்.

பழைய வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்து, சீராக்கி, திரும்ப எழுதுங்கள். எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள். அப்போது எல்லாம் ஒன்றாக மாறும், அல்லது எதுவுமே மாறாது. இல்லையென்றால் எஸ்க்யூலைட் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக வட்டில் எழுதி முடிக்கக் காத்திருக்கும். பாதியில் கரண்ட் போனால் பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும்.

தொடும் முன் ஒரு நகல் எடுங்கள். மாற்றங்களை முதலில் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் எழுதுகிற 'வால்' (டபிள்யூஏஎல்) முறையில் ஓடுகிற தரவுத்தளம் என்றால், திறந்திருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுப்பது போதாது. அண்மையில் எழுதியவை பக்கத்து வால் கோப்பில் இருக்கலாம். 3.27-ஆம் பதிப்பு முதல் வேக்யூம் இன்டூ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகல் எடுத்துத் தரும்.

அம்பாசமுத்திரம்

13 வந்த வரிசைகளில் 8203-தான் இருந்தது. ஃபங்ஷன் எழுதிவிட்டேன். நகலில் ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியில் 'யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபெயில்ட்' என்று நின்றுவிட்டது. பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து யுனிக், அதாவது இரண்டு வரிசையில் ஒன்றுபோல வரக்கூடாது என்று வைத்திருக்கிறேன். இரட்டையாக இருக்கிறவர்களில் பழைய வரிசையை நீக்கிவிட்டுத் தொடரலாமா?

பதில்: சங்கரன்கோவில்

நீக்காதீர்கள் தம்பி. அந்த ஒரு டெலீட்டால் ஒரு விவசாயியின் வரவு செலவே காணாமல் போகும்.

அந்தப் பிழை வந்தது நல்லதுதான். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு திறந்திருக்கிறது என்பதைத் தரவுத்தளமே எடுத்துச் சொல்கிறது. பழைய பாக்கி ஒரு கணக்கிலும் புதிய பில் இன்னொன்றிலும் இருக்கும். பழைய வரிசையை நீக்கினால் அதன் பில்கள் சொந்தக்காரர் இல்லாமல் நிற்கும். எஸ்க்யூலைட்டில் பில்லை வாடிக்கையாளரோடு கட்டுகிற ஃபாரின் கீ என்று எழுதியிருந்தாலும், இயல்பில் அதன் காவல் அணைந்துதான் இருக்கும். சில நூலகங்கள் தாமாகவே இயக்கிவிடும், சில இயக்காது. அதனால் ஒவ்வொரு முறை இணைப்பைத் திறந்ததும் ஃபாரின் கீ ப்ராக்மா என்ற அமைப்பை நீங்களே ஆன் செய்யுங்கள். அது இல்லாமல் நீக்கினால் ஒரு பிழைச் செய்தியும் வராது, பேரேட்டில் மட்டும் தொகை குறையும்.

சீராக்கிய பெயரை முதலில் தனிப் பத்தியில் எழுதுங்கள், பழைய பத்தியைத் தொடாதீர்கள். அந்தப் புதிய பத்தி, சீராக்கிய தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேல் வருகிறவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கணக்கின் பாக்கியும் கடைசி பில் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு பட்டியல் அச்சடித்து அண்ணாச்சி கையில் கொடுங்கள்.

இதை நிரலே தீர்மானிக்க விடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருப்பேன். நம் பக்கத்தில் ஒரே ஊரில் எத்தனை இசக்கிமுத்து, எத்தனை சுடலைமுத்து! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில் பெயரும் தகப்பனார் பெயரும்கூட ஒத்துப்போகும், பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே பெயர் இருக்கும். எந்த இரண்டு கணக்கு ஒரே ஆளுடையது என்று அண்ணாச்சிக்கும் அந்த விவசாயிக்கும்தான் தெரியும். அவர் டிக் அடித்துத் தருகிறவற்றை மட்டும் இணையுங்கள்: பழைய கணக்கின் பில், ரசீது எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் எண்ணைப் புதியதற்கு மாற்றி, இணைப்புக்கு முன்னும் பின்னும் மொத்தப் பாக்கி ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்து, பொருந்தினால் மட்டும் கமிட் கொடுத்து மாற்றத்தை உறுதியாக்குங்கள். பழைய வரிசையை அப்போதும் நீக்க வேண்டாம், 'இன்ன எண்ணோடு சேர்க்கப்பட்டது' என்று குறித்து வையுங்கள்.

ஒரு கைபேசி எண் பத்தியும் சேர்த்துவிடுங்கள். பெயரை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண்பது கடினம்.

அம்பாசமுத்திரம்

நன்றி அக்கா, நல்லவேளை கேட்டேன். பட்டியல் எடுத்துக் கொடுத்துவிட்டேன், அண்ணாச்சி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அவர் மகன் சென்னையில் இருக்கிறார். பாக்கிப் பட்டியலை அங்கிருந்து பார்க்க பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் கொண்டு ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தேன். இங்கிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பு) ஏற்றினால் அங்கே பெயரெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. அதே சிஎஸ்வியை இங்கே எக்செல்லில் திறந்தால் கேள்விக்குறி இல்லை. தலையில் கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், இப்படி ஏதோ வருகிறது.

பதில்: தென்காசி

இது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம். இரண்டும் வேறு வேறு நோய். கேள்விக்குறி என்றால் எழுத்து போய்விட்டது. கோடு போட்ட ஏ என்றால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, படிக்கிறவர் தவறாகப் படிக்கிறார்.

யூனிகோடைக் கோப்பில் எழுதுகிற யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. அதைப் பழைய மேற்கத்திய குறியீட்டில் படித்தால் கோடு போட்ட ஏ. அடுத்த பைட் 174 என்றால் வட்டத்துக்குள் ஆர். எக்செல் உங்கள் கோப்பை அப்படித்தான் படித்திருக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற குறியீட்டு அடையாளம் இருந்தால் சரியாகப் படிக்கும். சி ஷார்ப்பில் கோப்பு எழுதுகிற ஸ்ட்ரீம்ரைட்டரில் குறியீடு எதுவும் சொல்லாவிட்டால் பிஓஎம் இல்லாமல்தான் எழுதும். என்கோடிங் யூடிஎஃப் 8 என்று வெளிப்படையாகக் கொடுத்தால் பிஓஎம்மோடு எழுதும். ஆனால் அந்தக் கோப்பையே பிஎச்பியில் ஏற்றாதீர்கள். சிஎஸ்வி படிக்கிற எஃப்கெட்சிஎஸ்வி என்ற ஃபங்ஷன் பிஓஎம்மை நீக்காது, அது முதல் பத்தித் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, 'பெயர்' என்ற தலைப்பே இல்லை என்று வரும். எக்செல்லுக்கு ஒரு கோப்பு, இணையத்துக்கு ஒரு கோப்பு.

இணையப் பக்கத்தில் உங்கள் டேபிள் லத்தீன் 1 குறியீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முன்பு இயல்பே அதுதான். தமிழ் எழுத்துக்கு அதில் இடமே இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிட்டது. கண்டிப்பான முறை இயங்கியிருந்தால் பிழை சொல்லி நிறுத்தியிருக்கும். உங்கள் சர்வரில் அது அணைந்திருக்கிறது. டேபிளை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், பிஎச்பியில் மைஎஸ்க்யூஎல்ஐ இணைப்பைத் திறந்ததும் செட் சார்செட் மெத்தடிலும் அதையே கொடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்பாது. அந்த வரிசைகளைக் காலி செய்து கடையிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

பிஎச்பி பக்கத்திலும் தேடும் வசதி இருந்தால் அங்கேயும் நார்மலைசர் வகுப்பைப் பயன்படுத்துங்கள். அது ஐஎன்டிஎல் (intl) நீட்சியில் இருக்கிறது; 'வகுப்பு இல்லை' என்று பிழை வந்தால் ஹோஸ்டிங் பலகையில் அந்த நீட்சியை இயக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்

லத்தீன் 1-தான் இருந்தது. மாற்றி மறுபடி ஏற்றினேன், தமிழ் வந்துவிட்டது. எக்செல்லும் சரி. கோமதிநாயகம், சொரிமுத்து, பொட்டல்புதூர் எல்லாம் தேடினால் வருகிறது. ஆனால் இரண்டு பெயர் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது: சௌந்தரபாண்டி, அப்புறம் ஊர்ப் பத்தியில் ஸ்ரீவைகுண்டம். நார்மலைஸ் செய்த பிறகும் பொருந்தவில்லை.

பதில்: பாளையங்கோட்டை

அவை நார்மலைஸால் தீராது. முதல் பெயரை எண்ணாக்கிப் பார்த்தால், ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் அதன் பின் ள என்கிற எழுத்தும் இருக்கும்: 3014, 2995. அடித்தவர் ள-வைத்தான் அடித்திருக்கிறார். யூனிகோடுக்கு அது வேறு சொல். 'கெளுத்தி' மாதிரி உண்மையிலேயே கொம்பும் ள-வும் சேர்ந்து வருகிற சொற்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட முடியாது. தேடுவதற்கென்று வைத்திருக்கிற அந்தத் தனிப் பத்தியில் மட்டும் இரண்டையும் ஒரே வடிவமாக்குங்கள், திரையில் காட்டும் பெயரைத் தொடாதீர்கள். தேடும்போது ஒருவர் கூடுதலாக வந்தால் தொல்லை இல்லை. வராமல் போவதுதான் தொல்லை.

ஸ்ரீயிலும் இரண்டு வழக்கு. ஸ-வில் தொடங்குவது 3000. 2005-இல் யூனிகோட் 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்குவது 2998. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். அதையும் தேடல் பத்தியில் ஒன்றாக்கிவிடுங்கள்.

அம்பாசமுத்திரம்

சேர்த்தேன், இரண்டும் வந்துவிட்டது. அண்ணாச்சி பட்டியலில் பாதி முடித்திருக்கிறார்; ஒரே பெயரில் இரண்டு ஆள் என்று அவர் குறித்தவையும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துவிட்டேன். அந்த யுனிக் விதியில் கைபேசி எண்ணையும் சேர்த்துவிட்டு, மீதி டிக் வந்ததும் அக்கா சொன்ன முறைப்படி இணைக்கிறேன். மூன்று பேருக்கும் நன்றி.