கியோட்டோவில் எந்த நேரத்துக்கு எந்தத் தேநீர்

ஜப்பானில் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர் கியோட்டோ. ஜூலை பிறந்துவிட்டால் காற்றே அசையாது, அப்படி ஒரு புழுக்கம். நாங்கள் குடிவந்த முதல் கோடையில் பக்கத்து வீட்டுப் பாட்டி எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு ஜாடி முகிச்சா கொண்டுவந்து கொடுத்தார். வறுத்த பார்லியை ஊறவைத்து எடுப்பது. தேயிலையே கிடையாது, அதனால் காஃபீனும் இல்லை. குழந்தைகள் ராத்திரியிலும் தாராளமாகக் குடிக்கலாம். அன்றிலிருந்து கோடை முழுக்க எங்கள் ஃபிரிட்ஜில் அந்த ஜாடி காலியாவதில்லை. தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிடும் மதியத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் குடித்ததில்லை.

வசந்தகாலத்துக்கு ஷின்ச்சா, அந்த ஆண்டின் முதல் கொழுந்தில் செய்த பச்சைத் தேநீர். ஜப்பானிய நாட்காட்டியில் வசந்தம் தொடங்கி 88ஆம் நாள், அதாவது மே 2 வாக்கில், முதல் கொழுந்து பறிப்பார்கள். அதை வாங்க ரயிலேறி, தேயிலைக்குப் பேர்போன பக்கத்து ஊர் உஜிக்குப் போவோம். அங்கே ஒரு கடைக்கார அம்மா வெந்நீரைக் கோப்பைக்குக் கோப்பை மாற்றி ஆற்றிக் காட்டினார். ஒருமுறை மாற்றினால் பத்து டிகிரி போல இறங்குமாம். 70 டிகிரிக்கு வந்த பிறகு இலைமேல் ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு முந்திக்கொள்ளும், இனிப்பு தெரியவே தெரியாது. இதைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். சாம்பாரின் புளிப்புக்கும் காரத்துக்கும் முன்னால் அந்த மென்மை நிற்காது. பயறு இனிப்பு ஒரு துண்டு தின்றுவிட்டுக் குடித்தால் போதும்.

காரம், எண்ணெய் என்றால் ஹோஜிச்சாதான். பச்சைத் தேயிலையை வறுத்தெடுப்பதால் கசப்பு அடங்கி, நல்ல மணம் ஏறியிருக்கும். கொதிநீரையே ஊற்றலாம், பயமில்லை. மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா சாப்பிட்ட பிறகு நாக்கில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கை அது அழகாக எடுத்துவிடும். மசால் தோசைக்கும் அப்படியே. குளிர்காலத்தில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் இதுதான்.

அப்புறம், ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குப் பிடித்தது கென்மாய்ச்சா. வறுத்த அரிசி கலந்த பச்சைத் தேநீர், பொரி வறுக்கிற வாசனை அடிக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் தேநீரே குடிக்காதவர், இதை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். எதை வாங்கினாலும் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்துவிட்டால் பச்சைத் தேயிலையின் மணம் சில வாரங்களில் போய்விடும்.