பழைய பொட்டாசியம் டெர்ட்-பியூடாக்சைடை சப்ளைம் பண்ணி தேத்த முடியுமா?

யஷ்வந்த்பூர்வாசி:
வணக்கம் மக்களே, பெங்களூர்ல பிஹெச்டி பண்றேன், சி-என் கப்ளிங்தான் வேலை, அதாவது கார்பனையும் நைட்ரஜனையும் இணைக்கற ரியாக்ஷன். பேஸா (காரமா) பொட்டாசியம் டெர்ட்-பியூடாக்சைடு போடுறோம், பாட்டில் திறந்து பல மாசம் ஆச்சு, இந்த மழைல கட்டி கட்டியா ஆகி ஈல்டு (கிடைக்கற பொருளோட அளவு) சரிஞ்சுட்டே வருது. சப்ளைம் பண்ணா, அதாவது உருக்காம நேரா ஆவியாக்கி திரும்ப படிய வச்சா, சரியாகும்னு சீனியர் சொல்றார். கோல்டு ஃபிங்கர் (ஆவி வந்து படியற குளிர்ந்த குழாய்) இருக்கு, வேக்கத்துக்கு ஆயில் பம்ப் இருக்கு. அப்புறம் மார்ஃபோலினையும் டொலுயீனையும் ஈரம் போக ட்ரை பண்ணணும், கால்சியம் ஹைட்ரைடும் எண்ணெய்ல கலந்த 60 சதவீத சோடியம் ஹைட்ரைடும் ஷெல்ஃப்ல இருக்கு, எதைப் போடலாம்?

வெண்புகை:
தாராளமா தேத்தலாம். அந்த கட்டில இருக்கறது பெரும்பாலும் ஈரம் பட்டு வந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடும், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு சேர்ந்த கார்பனேட்டும்தான், ரெண்டும் மேல ஏறாது, அடியிலேயே தங்கிடும். 1 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வேக்கத்துல 220 டிகிரிக்கு ஏறும், வேக்கம் இன்னும் நல்லா இருந்தா அதுக்கும் கீழயே. சாதாரண மினரல் ஆயில் பாத் அந்த சூட்டுல புகைஞ்சுடும், சாண்ட் பாத் வைங்க.

முக்கியமான விஷயம், எடுத்த எடுப்புல சூடு ஏத்தாதீங்க. ஈரம் பட்டப்ப வந்த டெர்ட்-பியூட்டனால் உள்ள ஒட்டிட்டு இருக்கும், முதல்ல 150 டிகிரி கிட்ட நிறுத்தி அது முழுசா போற வரைக்கும் வேக்கத்துல விடுங்க, இல்லன்னா தூள் குபீர்னு கிளம்பி கோல்டு ஃபிங்கர்ல அப்பிக்கும், அப்ப அது சப்ளிமேஷனே இல்ல, அழுக்கை இடம் மாத்தினதுதான். தூளுக்கு மேல லேசா கிளாஸ் வூல் வச்சா இன்னும் நல்லது. இந்த டெர்ட்-பியூட்டனால் 25 டிகிரிலயே உறையற சாமான், டிராப் (பம்புக்கு முன்னாடி ஆவியை குளிர வச்சு பிடிக்கற பாத்திரம்) குழாய்ல கட்டி அடைச்சுக்கும், அப்பப்ப பாருங்க. முடிஞ்சதும் ஆர்கான் விட்டு வேக்கத்தை உடைச்சு நேரா குளோவ்பாக்ஸ் (காத்தும் ஈரமும் புகாத பெட்டி).

டிராப்புக்கு ட்ரை ஐஸ் போதும். லிக்விட் நைட்ரஜன் வச்சுட்டு ஆர்கான் திறந்தீங்கன்னா ஆர்கான் -186லயே திரவமாகி டிராப்ல சேர்ந்துடும், பிறகு அது சூடாகி விரியும்போது கண்ணாடி தாங்காது.

கெமிஸ்ட்ரி காதலன்:
ஹைட்ரைடு பத்தி நான் சொல்றேன். மார்ஃபோலினுக்கு கால்சியம் ஹைட்ரைடுதான், ராத்திரி முழுக்க கலக்க விட்டு நைட்ரஜன்ல டிஸ்டில் பண்ணுங்க, வர்ற ஹைட்ரஜன் போக பப்ளர் (வாயு வெளிய போய் காத்து உள்ள வராம தடுக்கற குழாய்) கட்டாயம், மூடி போட்டுடாதீங்க. புக்ல கொதிநிலை 129 டிகிரின்னு இருக்கும், பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கறதால மூணு நாலு டிகிரி முன்னாடியே வந்துடும், வேற ஏதோ வருதுன்னு கொட்டிடாதீங்க. சோடியம் ஹைட்ரைடு வேண்டாம், எண்ணெய் தொல்லை ஒரு பக்கம், எண்ணெயை ஹெக்சேன்ல கழுவி எடுத்த தூள் ஈரக்காத்துலயே பத்திக்கும் இன்னொரு பக்கம். அதை டிஎம்எஃப்ங்கற கரைப்பான்ல போட்டு சூடாக்குறது இன்னும் மோசம், ரியாக்ஷன் கைமீறிப் போய் வெடிச்ச கேஸ் நிறைய உண்டு.

டொலுயீனுக்கு ஹைட்ரைடே தேவையில்ல. 300 டிகிரில வேக்கத்துல சுட்டு எடுத்த 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ்ஸ்ல (தண்ணியை உறிஞ்சற நுண்துளை மணிகள்) ஒரு நாள் போட்டு வைங்க, அவ்ளோதான்.

யஷ்வந்த்பூர்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. மிச்சமாகற கால்சியம் ஹைட்ரைடை என்ன பண்றது? சப்ளிமேட்டரை அசிட்டோன்ல கழுவலாமா?

வெண்புகை:
அசிட்டோன் கூடவே கூடாது தம்பி! பியூடாக்சைடு தூள்ல அசிட்டோன், குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் எது பட்டாலும் கொஞ்ச நேரத்துல தீ பிடிக்கும், பதிவான விஷயம் இது. மிச்ச தூளை டொலுயீன்ல முக்கி நைட்ரஜன்ல வச்சு ஐசோப்ரொபனாலை சொட்டு சொட்டா விடுங்க, தண்ணி கடைசியா.

கெமிஸ்ட்ரி காதலன்:
ஹைட்ரைடுக்கும் அதே முறைதான், ஐஸ் பாத்தோட. ஒரு கிராம் கால்சியம் ஹைட்ரைடு ஒரு லிட்டருக்கு மேல ஹைட்ரஜன் தரும், ஹூட்ல (வாயுவை வெளிய இழுக்கற கூண்டு) மட்டும் பண்ணுங்க, பக்கத்துல ஹாட் பிளேட் இருக்கக்கூடாது. குமிழி நின்னுடுச்சுன்னு நம்பாதீங்க, மேல ஹைட்ராக்சைடு ஓடு கட்டி உள்ள உயிரோட இருக்கும், நல்லா கலக்கிட்டே ரொம்ப நேரம் விட்டுத்தான் வேஸ்ட் பாட்டிலுக்கு ஊத்தணும். தீ வந்தா காய்ஞ்ச மணல், தண்ணியும் கார்பன் டை ஆக்சைடு எக்ஸ்டிங்விஷரும் வேண்டாம். மணல் பக்கெட்டை மழை நாள்ல ஒருதரம் தொட்டுப் பாத்து வைங்க, ஈரமா இருந்தா மாத்துங்க.