வகுதெரு, விளைதெரு: ஊர் வளரும் இரு வகைக்குப் பெயர்

ஒரே திட்டத்தில் வகுக்காமல் வீடு வீடாக வளர்ந்த ஊரை ஆங்கிலத்தில் ‘organic city’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘திட்டமிடாத நகரம்’ என்ற சொல்லை ஏற்க மனம் வரவில்லை. கிணற்றை ஒட்டி வளையும் சந்து யோசனையின்றி வந்ததல்ல. பக்கத்துச் சுவர், வண்டி திரும்பும் இடம், மழைநீர் ஓடும் வாட்டம் எல்லாம் பார்த்தே ஒவ்வொருவரும் வீடு கட்டினார்கள். மொத்தத்தையும் ஒரே கை வரையவில்லை, அவ்வளவுதான். ‘திட்டமிடாத’ என்று எழுதினால் அடுத்த வரியில் ‘இடித்துச் சீராக்க வேண்டிய’ என்று வந்து நிற்கும். ‘organic’ என்பதற்கு நேரான ‘கரிம’ வேதியியலுக்குப் போய்விட்டது. ‘இயற்கை நகர்’ என்றால் மரம் நிறைந்த ஊர் என்று படிப்பார்கள். ‘தான்தோன்றி’யில் வசை ஒட்டியிருக்கிறது.

என் பரிந்துரை வகுநகர், விளைநகர். இரண்டும் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். வகுநகரில் முதலில் தெருக்கோடு, பிறகு மனை, பிறகு வீடு. விளைநகரில் வீடுகள் விட்டுவைத்த இடமே தெரு. வரைபடத்தில் சந்திகளை எண்ணினாலே தெரியும்: கட்டம் போட்ட இடத்தில் நாற்சந்தி மிகும், விளைந்த இடத்தில் முச்சந்தியும் முட்டுச்சந்தும்.

*

இன்னொருவர் மறுமொழி: விளைநகர் நல்ல சொல். ‘விளைநிலம்’ பழகிய காதுக்கு உழவூராகப் படலாம் என்பது சிறு உறுத்தல். பெரிய சிக்கல், அடைமொழியை முழு நகரத்துக்கும் கட்டுவது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1811ஆம் ஆண்டுத் திட்டம் பெரும்பாலும் 60 அடித் தெருக்களாகக் கட்டம் போட்டது. அதற்கும் முந்தைய பிராட்வே சாலை இன்றும் அந்தக் கட்டத்தைச் சாய்வாக அறுத்துக்கொண்டு போகிறது. அது அவென்யூவை வெட்டிய இடத்தில் முக்கோணமாய் மிஞ்சிய மனைதான் பிளாட்அயர்ன் கட்டடத்துக்குக் கூர்மூக்கு தந்தது. பார்சிலோனாவில் 1859ஆம் ஆண்டுத் திட்டத்தில் பொறியாளர் செர்தா சுமார் 113 மீட்டர்ச் சதுரங்களை வகுத்து, நடுவில் தோட்டம் விட்டார். பின்வந்தவர்கள் பல சதுரங்களில் அந்த நடுவையும் கட்டி நிரப்பினார்கள். இவற்றை வகுநகரில் சேர்ப்பதா, விளைநகரில் சேர்ப்பதா? உறுப்புக்கே பெயர் வைப்போம்: வகுதெரு, விளைதெரு, வகுமனை, விளைமனை. விளைதெரு என்றால் யாரும் வயலை நினைக்கமாட்டார்கள்.

*

முதலில் எழுதியவர் பதில்: ஏற்கிறேன், தெருவோடே வைப்போம். ஒன்றை மட்டும் வரையறையில் சேர்க்க வேண்டும். புறநகரில் அடுத்தடுத்த மனைப்பிரிவுகள் தனித்தனியே வகுத்தவை. எல்லையில் ஒன்றின் தெரு மற்றதன் மனையில் முட்டி நிற்கும். அதை விளைதெரு என்று எழுதக்கூடாது. அங்கே தெரு வகுத்ததே, இணைப்புதான் இல்லை.