சர்ச் கன்சோலை ஏஐ கையில் கொடுக்கலாமா?

வைகைக்கரை:
தமிழில் சமையல் தளம் நடத்துகிறேன். என்ன தேடி எத்தனை பேர் நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை எம்.சி.பி. வழியாக ஏஐ உதவியாளரோடு இணைத்திருக்கிறேன். (உதவியாளரை வெளித் தரவோடு இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது வழிமுறைதான் எம்.சி.பி.) தளம் வைத்திருக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஒரே குழம்பை மக்கள் எப்படியெல்லாம் தேடுகிறார்கள் பாருங்கள்: வத்தக்குழம்பு, வத்தக் குழம்பு, வத்தல் குழம்பு, வத்த கொழம்பு, அப்புறம் ஆங்கில எழுத்தில் தட்டும் பல வடிவங்கள். கன்சோல் ஒவ்வொன்றையும் தனி வரியாகக் காட்டும், எல்லாம் சின்னச் சின்ன எண்கள். "இவை எல்லாமே ஒரே குழம்பு, சேர்த்துப் பார்" என்றேன். இப்படித் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் என் புளிக்குழம்புப் பக்கத்தில் போய் இறங்குகிறார்கள் என்று காட்டியது. தனித்தனி வரிகளில் இது கண்ணில் படவே இல்லை. திரையில் 1,000 வரிக்கு மேல் தெரியாது. நிரல் வழியாகத் தரவை எடுக்கும் ஏபிஐ ஒரு கேள்விக்கு 25,000 வரி வரை தரும். அத்தனையையும் உட்கார்ந்து படிக்க யாரால் முடியும்?

நூல்கண்டு:
ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணே. வடிவங்களைச் சேர்ப்பது கன்சோலில் இருக்கிற ரெஜெக்ஸ் வடிகட்டியிலேயே முடியும், பல எழுத்து வடிவங்களை ஒரே விதியில் பிடிப்பது அது. எனக்குக் கவலை உதவியாளர் போடும் கணக்குதான்.

ஒரு பக்கம் 10,000 இம்ப்ரெஷனோடு, அதாவது தேடல் முடிவில் அத்தனை முறை காட்டப்பட்டு, 2ஆம் இடத்தில் இருக்கிறது. இன்னொன்று 100 இம்ப்ரெஷனோடு 40ஆம் இடத்தில். இரண்டுக்கும் சேர்த்து சராசரி இடம் என்ன? சரியான விடை ஏறக்குறைய 2.4. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 21 வரும். உதவியாளர் 21 என்று சொல்லிவிட்டு, தளம் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது என்று அழகான தமிழில் அறிக்கை எழுதிக் கொடுக்கும். படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

2025 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். தேடல் முகவரியோடு ஒரு சொல்லைச் சேர்த்து ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை எடுக்கும் வழி அப்போது வேலை செய்யாமல் போனது. எந்தத் தளம் தேடலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்க்கும் கருவிகள் நம்பியிருந்தது அந்த வழியைத்தான். ஏராளமான தளங்களில் இம்ப்ரெஷன் சரிந்தது, சராசரி இடம் மேலேறியது. அந்தக் கருவிகள் அடி இடங்கள் வரை பார்த்ததும் இம்ப்ரெஷனாக எண்ணப்பட்டது, அது நின்றதுதான் காரணம் என்று துறையில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அட்டவணையில் இந்தச் செய்தி எங்கேயும் இருக்காது. எண்ணை மட்டும் பார்க்கிற உதவியாளர், உங்கள் உள்ளடக்கம் மேம்பட்டிருக்கிறது என்று கதை கட்டும்.

கீற்றுக்கொட்டகை:
நடுவில் ஒரு வார்த்தை. நேற்றைய எண்ணைக் கேட்காதீர்கள். தரவு முழுதாகச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். பாதித் தரவைப் பார்த்துவிட்டு "திடீர் வீழ்ச்சி" என்று அலறும்.

வைகைக்கரை:
தம்பி, கணக்கு விஷயம் சரி. அதனால்தான் நான் சராசரியைக் கேட்பதில்லை. கிளிக்கையும் இம்ப்ரெஷனையும் கேட்டு, கணக்கை நிரல் எழுதிப் போடச் சொல்கிறேன், நிரலையும் காட்டச் சொல்கிறேன். செப்டம்பர் மாற்றமும் அப்படித்தான், துறைச் செய்தி தெரியாத மனிதரும் அன்று தப்பாகத்தான் படித்திருப்பார். அதற்காக யாரும் கன்சோலை மூடி வைக்கவில்லையே.

நூல்கண்டு:
அப்படியானால் உங்கள் வத்தக்குழம்புக்கே வருகிறேன். பாதிப் பேர் என்றீர்களே, எதில் பாதி? மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்களை, அந்தரங்கம் கருதி கூகுள் வரிகளில் காட்டுவதே இல்லை. மொத்தத்தில் அவை உண்டு, பட்டியலில் கிடையாது. அதனால்தான் வரிகளைக் கூட்டினால் மேலே இருக்கிற மொத்தம் வராது. அரிதான தேடல்கள் அதிகம் வருகிற தளத்தில் மறைந்திருக்கும் பங்கும் பெரிது. ஒரே சொல்லை இத்தனை விதமாக எழுதும் நம் ஆட்களின் தேடல் அதில் எவ்வளவு போயிருக்கும்? உதவியாளர் அதைச் சொன்னதா?

வைகைக்கரை:
சொல்லவில்லை. நியாயமான கேள்வி. பாதி என்பது கண்ணுக்குத் தெரிகிற தேடல்களில் பாதி. ஆனாலும் என் முடிவு அந்த எண்ணை நம்பி நிற்கவில்லை. இரண்டு பக்கத்தையும் திறந்து பார்த்தேன். புளிக்குழம்புப் பக்கத்தின் தலைப்பிலேயே "சுண்டைக்காய் வத்தல் சேர்த்தது" என்று இருந்தது, வத்தக்குழம்புப் பக்கத்தின் முதல் பத்தியில் வத்தல் என்ற சொல்லே இல்லை. இரண்டையும் திருத்திவிட்டேன். எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்டியது உதவியாளர்தான். அதை உங்கள் ரெஜெக்ஸ் சொல்லாது, எதைத் தேட வேண்டும் என்று முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நூல்கண்டு:
கைகாட்ட விடுங்கள், சரி. வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில் அதன் எண் ஒன்றுகூட நேராகப் போகக் கூடாது. அதில் நான் இறங்கி வர மாட்டேன். திருத்திய பக்கங்களைப் பக்க அளவில் பாருங்கள், தேடல் சொல்லைச் சேர்க்காமல். மறைந்த தேடல்களின் கிளிக்கும் அதில் வந்துவிடும்.

தறிமேடை:
இருவரும் கணக்கோடு நிற்கிறீர்கள். சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கன்சோல் ஏபிஐக்கு இரண்டு அனுமதி உண்டு. ஒன்று படிக்க மட்டும். மற்றது மாற்றவும் விடும், அது இருந்தால் கூகுளுக்குக் கொடுத்த பக்கப் பட்டியலான சைட்மேப்பை நீக்கலாம், தளத்தையே உங்கள் கணக்கின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். முன்பின் தெரியாதவர் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்ட எம்.சி.பி. சர்வர், அதாவது இணைப்பு நிரல், எந்த அனுமதி கேட்கிறது என்று பார்க்காமலே பலர் "சம்மதம்" அழுத்துகிறார்கள். அடுத்தவர் தளமென்றால் அவரிடம் கேட்காமல் இணைப்பதே தவறு. அவருடைய எந்தப் பக்கம் எந்தச் சொல்லுக்கு ஓடுகிறது என்பது அவருடைய வியாபாரம். வைகைக்கரை அண்ணே, நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்?

வைகைக்கரை:
படிக்க மட்டும். அதற்கென்று தனி சர்வீஸ் அக்கவுண்ட் (மனிதருக்கு அல்ல, நிரலுக்கான கணக்கு) திறந்து, கன்சோலில் கட்டுப்படுத்தப்பட்ட பயனராகச் சேர்த்தேன். என் சொந்தத் தளம் ஒன்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.