ஒரே பக்கத்தில் இரண்டு டேப் தொகுப்பு: கீழே கிளிக் செய்தால் மேலே உள்ளது மறைந்துவிடுகிறது

மருதவலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு பயிற்சி மையத்துக்கான பக்கம். மேலே ‘பாடத்திட்டம், கட்டணம், வரும் வழி’ என்று மூன்று டேப். கீழே தேர்ச்சி விவரம், அதில் 2022, 2023, 2024 என்று மூன்று. ஜேகுவெரி நூலகம் இல்லை, வெறும் ஜாவாஸ்கிரிப்ட். கிளிக் ஆனதும் டாக்குமென்ட்.குவெரிசெலக்டர்ஆல் வைத்து ‘பேனல்’ (டேபைத் தொட்டால் திறக்கும் பகுதி) கிளாஸ் உள்ள எல்லாவற்றுக்கும் ஸ்டைல்.டிஸ்ப்ளே ‘நன்’ கொடுக்கிறேன். பிறகு வேண்டிய ஐடிக்கு மட்டும் ‘பிளாக்’.

கீழ்த் தொகுப்பில் எதைத் தொட்டாலும் மேல் தொகுப்பு காலியாகிறது. ‘கட்டணம்’ பேனலை சிஎஸ்எஸ்ஸில் கிரிட்டாக (வரிசை, நெடுவரிசைக் கட்டங்களாக) வைத்திருக்கிறேன். திறந்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. ‘வரும் வழி’யில் லீஃப்லெட் (வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வரைபடம் சாம்பல் நிறமாக, மூலையில் ஒரு துண்டு மட்டும் தெரிகிறது. பிரவுசர் ஜன்னலை இழுத்துச் சுருக்கினால் சரியாகிவிடுகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதானா?

தறிநூல் எழுதியது:

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதல் இரண்டை நான் சொல்கிறேன்.

மறைக்கும்போது நீங்கள் பக்கம் முழுவதிலும் தேடுகிறீர்கள். அதனால் அடுத்த தொகுப்பின் பேனலும் சேர்ந்து மறைகிறது. ஒவ்வொரு தொகுப்பையும் தனி டிவ்வுக்குள் போட்டு, அதற்கு டேட்டா-டேப்ஸ் என்ற ஆட்ரிபியூட் கொடுங்கள். அந்த டிவ்வை ‘ரூட்’ என்று வாங்கிக்கொள்ளும் ஒரே ஃபங்ஷன் எழுதி, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒருமுறை ஓட்டுங்கள். உள்ளே தேடுவதெல்லாம் ரூட்.குவெரிசெலக்டர்ஆல் மட்டுமே.

கிளிக் லிசனரும் (கிளிக்கைக் கவனிக்கும் ஃபங்ஷன்) ரூட்டில் ஒன்று போதும். ஈவென்ட்.டார்கெட்டை நேரே நம்பாதீர்கள்: பட்டனுக்குள் ஐகான் இருந்தால் டார்கெட் அந்த ஐகான்தான், பட்டன் அல்ல. எழுத்தைத் தொட்டால் திறக்கிறது, ஐகானைத் தொட்டால் திறக்கவில்லை என்ற புகார் இதிலிருந்துதான் வரும். டார்கெட்.குளோசஸ்ட் (தன்னிலிருந்து மேல்நோக்கித் தேடுவது) போட்டு ரோல்=டேப் உள்ள பட்டனைப் பிடியுங்கள்; கிடைக்காவிட்டால் ரிட்டர்ன். டேபுக்குள் இன்னொரு டேப் தொகுப்பு வைப்பதாக இருந்தால், உள்ளே விழும் கிளிக் வெளி ரூட்டுக்கும் ஏறி வரும். அந்தப் பட்டனின் நெருங்கிய டேட்டா-டேப்ஸ் டிவ் இந்த ரூட்தானா என்று ஒரு ஒப்பீடு சேர்த்துவிடுங்கள்.

கிரிட் குலைவதற்குக் காரணம் அந்த ‘பிளாக்’. எலிமென்ட்டின் மேலேயே எழுதும் ஸ்டைல், உங்கள் சிஎஸ்எஸ் கோப்பில் உள்ள கிரிட்டை அடித்துவிடும். டிஸ்ப்ளேயை ஸ்கிரிப்ட் தொடவே வேண்டாம். பேனல்.ஹிட்டன் = ட்ரூ அல்லது ஃபால்ஸ், அவ்வளவுதான். இங்கே எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு: ஹிட்டனுக்கு பிரவுசர் தரும் டிஸ்ப்ளே நன் மிகவும் பலவீனமானது. நீங்கள் எழுதிய கிரிட் அதை வென்று, மறைய வேண்டிய பேனல் மறையாமல் நிற்கும். ஆகவே சிஎஸ்எஸ்ஸில் [ஹிட்டன்] என்ற செலக்டருக்கு டிஸ்ப்ளே: நன் !இம்பார்ட்டன்ட் என்று ஒரு வரி கட்டாயம்.

ஆழிமுகில் எழுதியது:

வரைபடம் பற்றி. டிஸ்ப்ளே நன் ஆன பெட்டிக்கு அகலம் 0, உயரம் 0. லீஃப்லெட் தொடங்கும்போது பெட்டியை அளந்து, அதற்குத் தேவையான வரைபடத் துண்டுகளை மட்டுமே இறக்கும். பெட்டி பின்னால் தெரிய வந்தது அதற்குத் தெரியாது. ஜன்னல் அளவு மாறினால் மறுபடி அளக்கும். அதனால்தான் இழுத்தவுடன் சரியாகிறது.

ஹிட்டனை நீக்கிய அடுத்த வரியில் மேப்.இன்வாலிடேட்சைஸ் (பெட்டியை மறுபடி அளக்கச் சொல்வது) கூப்பிடுங்கள். வரிசை முக்கியம், நீக்குவதற்கு முன் கூப்பிட்டால் மறுபடியும் 0 தான் கிடைக்கும். ஃபிட்பவுண்ட்ஸ் (குறிப்பிட்ட பகுதி முழுதும் தெரியும்படி ஜூம் செய்வது) பயன்படுத்தியிருந்தால் அதையும் அதன் பிறகு மறுபடி ஓட்ட வேண்டும், ஏனென்றால் பழைய ஜூம் 0 அகலத்துக்குக் கணக்கிட்டது. இன்னும் நல்ல வழி, அந்த டேப் முதன்முறை திறக்கும்போதுதான் வரைபடத்தையே உருவாக்குவது. அந்த டேப் பக்கமே போகாதவருக்கு ஒரு துண்டுகூட இறங்காது. மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

தறிநூல் எழுதியது:

விட்டுப்போன ஒன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடரில் கேட்கும்போது உங்கள் டேப் வெறும் பட்டன்களாகத்தான் ஒலிக்கும். பட்டன்களைச் சுற்றிய டிவ்வுக்கு ரோல்=டேப்லிஸ்ட், பட்டனுக்கு ரோல்=டேப், பேனலுக்கு ரோல்=டேப்பேனல். பட்டனில் பேனல் ஐடியை டேட்டா-டார்கெட் போன்ற தனி ஆட்ரிபியூட்டில் வைப்பதற்குப் பதிலாக ஏரியா-கன்ட்ரோல்ஸில் வைத்தால் ஸ்கிரிப்டுக்கும் அதுவே போதும். தேர்ந்த டேபுக்கு ஏரியா-செலக்டட் ட்ரூ, டேப்இன்டெக்ஸ் 0. மற்றவற்றுக்கு ஃபால்ஸ், -1. இடது, வலது அம்புக்குறி விசைகளில் ஃபோகஸ் நகரட்டும், கடைசியில் நின்று வலது அழுத்தினால் முதலுக்கு வரட்டும். ஹோம், எண்டும் சேருங்கள். என்டர், ஸ்பேஸுக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், பட்டன் என்பதால் கிளிக்காகவே வந்துவிடும்.

நிறம் மாற்றத் தனியாக ‘ஆக்டிவ்’ கிளாஸ் வேண்டாம்; சிஎஸ்எஸ் செலக்டரில் ஏரியா-செலக்டட்=“ட்ரூ” என்றே எழுதுங்கள். மதிப்பை விட்டுவிட்டு ஆட்ரிபியூட் பெயரை மட்டும் எழுதினால் எல்லா டேபும் தேர்ந்தது போலத் தெரியும். ‘ஃபால்ஸ்’ என்று இருந்தாலும் ஆட்ரிபியூட் அங்கே இருக்கிறதல்லவா.

மருதவலை எழுதியது:

மூன்றும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. இப்போது வாட்ஸப்பில் அனுப்பும் இணைப்பிலேயே குறிப்பிட்ட டேப் திறக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். முகவரியின் கடைசியில் #2024 சேர்த்து, லொகேஷன்.ஹேஷை (முகவரியில் # முதலான பகுதி) அப்படியே ரூட்.குவெரிசெலக்டருக்குக் கொடுத்தேன். கன்சோலில் சின்டாக்ஸ் எரர் வருகிறது. #கட்டணம் என்று கொடுத்தால் எரர்தான், பேனலும் திறக்கவில்லை.

ஆழிமுகில் எழுதியது:

இரண்டுமே ஐடி எழுதிய விதத்தால் வருவது. எச்டிஎம்எல்லில் 2024 என்ற ஐடி செல்லும். ஆனால் சிஎஸ்எஸ் செலக்டரில் # குறிக்குப் பின் இலக்கம் முதலில் வரக்கூடாது. குவெரிசெலக்டர் சிஎஸ்எஸ் இலக்கணப்படி படிப்பதால் தடுக்கி விழுகிறது. ‘கட்டணம்’ கதை வேறு. லொகேஷன்.ஹேஷ் தமிழ் எழுத்தாகத் திரும்பாது, % குறியும் எண்ணும் கலந்த நீண்ட சரமாக வரும். அந்த % குறிதான் எரருக்குக் காரணம்.

ஹேஷின் முதல் எழுத்தை ஸ்லைஸ்(1) போட்டு நீக்குங்கள், டீகோட்யூஆர்ஐகாம்போனென்ட் வழியாகத் தமிழாக்குங்கள், பிறகு டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி. இது செலக்டர் அல்ல, ஐடியை உள்ளபடி ஒப்பிடும்; இலக்கமும் தமிழும் இரண்டும் ஓடும். கிடைத்த பேனல் எந்த டேட்டா-டேப்ஸுக்குள் இருக்கிறதோ அந்த ரூட்டில் அதைத் திறந்து, கடைசியில் ஸ்க்ரோல்இன்டுவியூ போட்டு அங்கே நகர்த்துங்கள். பக்கம் திறந்த நேரத்தில் பேனல் மறைந்திருந்தால் பிரவுசர் தானாக அங்கே இறங்காது.

டேப் மாறும்போது முகவரியையும் மாற்ற வேண்டுமென்றால் ஹிஸ்டரி.ரீப்ளேஸ்ஸ்டேட் (வரலாற்றில் புதிய பதிவு சேர்க்காமல் முகவரியை மாற்றுவது). லொகேஷன்.ஹேஷுக்கு நேரே மதிப்பு கொடுத்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்கம் குதிக்கும். பேக் பட்டனை அழுத்துபவர் முந்தைய பக்கத்துக்குப் போவதற்குப் பதில் டேப் டேபாகப் பின்னால் நடப்பார்.

குறிஞ்சித்திரை எழுதியது:

பயிற்சி மையம் என்றால் எப்படியும் ஒரு விசாரணைப் படிவம் வரும். அது டேப் தொகுப்பைச் சுற்றி வந்தால், டேப் பட்டன் எல்லாவற்றுக்கும் டைப்=பட்டன் எழுதிவிடுங்கள். ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் சொல்லாவிட்டால் அது சப்மிட். டேபைத் தொட்டதும் படிவம் போய்விடும். மறைந்த பேனலில் ரிக்வயர்ட் (கட்டாயம் நிரப்ப வேண்டிய) புலம் காலியாக இருந்தால் இதற்கு நேர்மாறு: சப்மிட்டை அழுத்தினால் எதுவும் நடக்காது, திரையில் செய்தியும் வராது, குரோமில் ஃபோகஸ் செய்ய முடியவில்லை என்று கன்சோலில் ஒரு வரி மட்டும். ‘இன்வாலிட்’ ஈவென்ட் மேலே ஏறி வராது என்பதால் ஃபார்மில் லிசனர் போடும்போது கேப்ச்சர் ட்ரூ கொடுத்து (ஈவென்ட் மேலிருந்து கீழே இறங்கும்போதே பிடிக்க), முதலில் வரும் புலத்தின் பேனலை அங்கேயே திறந்துவிடுங்கள்.